ஒரே சாலை, நான்கு வரிக் கணக்கு
புளோரிடாவில் குறுகிய கால வாடகை: எந்த ஊரில், யாருக்கு, எவ்வளவு?

ஆர்லாண்டோவுக்குத் தென்மேற்கே, டிஸ்னி வேர்ல்டிலிருந்து காரில் கொஞ்ச தூரத்தில், லேக், ஆரஞ்சு, ஆசியோலா, போல்க் என்ற நான்கு கவுண்டிகள் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. அந்தப் பகுதிக்குப் பெயரே ஃபோர் கார்னர்ஸ். 27-ஆம் நெடுஞ்சாலையும் 192-ஆம் நெடுஞ்சாலையும் சேரும் அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க, பின்புறம் நீச்சல் குளமும் வாசலில் எண்ணெழுத்துப் பூட்டும் வைத்த விடுமுறை வீடுகள். தெருவில் நின்று பார்த்தால் எந்த வீடு எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வரித்துறைக்கு மட்டும் அது நன்றாகத் தெரியும்.

இந்த அத்தியாயத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர், வேறு மாநிலத்தில் வேலை பார்த்துக்கொண்டே புளோரிடாவில் ஒரு வீடு வாங்கி வாரக் கணக்கில் வாடகைக்கு விட நினைப்பவர்களாக இருப்பார்கள். வீட்டு விலை, கடன் வட்டி, அசோசியேஷன் கட்டணம் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். தங்கல் வரிக்கு மட்டும் பொதுவாக ‘12 சதவீதம்’ என்று ஒரு கட்டம். அந்த ஒரு கட்டத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை. சதவீதம் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் அதைத் தருவது விருந்தாளி. அதைத் தவறான அலுவலகத்தில் கட்டினாலோ, பாதியை மட்டும் கட்டினாலோ, பாக்கி உங்கள் தலையில் விழும். ஆகவே விகிதத்தைவிட, எந்த எல்லைக்குள் வீடு நிற்கிறது, பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதலில் விடை தேடுங்கள்.

மூன்று அடுக்கு

புளோரிடாவில் ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைவான காலத்துக்குத் தங்க இடம் கொடுத்து வாடகை வாங்கினால் வரி உண்டு. முதல் அடுக்கு மாநில விற்பனை வரி, 6 சதவீதம். மாநிலம் முழுக்க ஒன்றுதான். இரண்டாவது அடுக்கு, அதே விற்பனை வரியின் மேல் கவுண்டி ஏற்றிக்கொள்ளும் கூடுதல் வரி. பள்ளிக் கட்டடம், சாலை, ஏழைகளுக்கான மருத்துவம் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தது. மூன்றாவது, தங்குமிடத்துக்கு மட்டும் விதிக்கப்படும் சுற்றுலா வளர்ச்சி வரி. 1977-இல் வந்த ஒரு மாநிலச் சட்டம் கவுண்டிகளுக்கு இந்த உரிமையைத் தந்தது. ஆரஞ்சு கவுண்டி மறு வருடமே 2 சதவீதத்தில் ஆரம்பித்து, இன்று 6-இல் நிற்கிறது. ஆர்லாண்டோவின் பிரமாண்டமான மாநாட்டு மையம் எழுந்தது பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான். சட்டப்படி இந்த வரியைச் சுற்றுலா சார்ந்த செலவுகளுக்கே பயன்படுத்த வேண்டும். வீட்டுப் பிரச்சினையில் தவிக்கும் ஹோட்டல் ஊழியர்களுக்கு இதிலிருந்து எதுவும் ஏன் போவதில்லை என்ற கேள்வி அந்த ஊர் அரசியலில் ஓயாமல் எழுகிறது. எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே படுகிறது.

இனி நான்கு கவுண்டிகளுக்கு வருவோம். ஆரஞ்சில் பள்ளிகளுக்கான அரை சதவீதம் சேர்ந்து விற்பனை வரி 6.5, சுற்றுலா வரி 6, ஆக 12.5. ஆசியோலாவில் கூடுதல் வரியே 1.5, விற்பனை வரி 7.5, சுற்றுலா வரி 6, மொத்தம் 13.5. லேக் கவுண்டியில் 7-உம் 4-உம் சேர்ந்து 11. போல்க்கில் விற்பனை வரி 7. சுற்றுலா வரி பல ஆண்டுகள் 5 ஆக இருந்து வந்தது. அந்தக் கணக்கில் 12. இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடுதல் வரிகள் வாக்கெடுப்பில் பிறந்து வாக்கெடுப்பில் நீள்பவை. ஆரஞ்சு கவுண்டியில் போக்குவரத்துக்கென்று இன்னொரு 1 சதவீதம் கேட்டு 2022 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் மறுத்துவிட்டார்கள். ஒப்புக்கொண்டிருந்தால் ஆரஞ்சும் ஆசியோலாவும் இன்று சமமாகியிருக்கும். மாநில வருவாய்த் துறை இரண்டு பட்டியல்கள் வெளியிடுகிறது. டிஆர்-15டிஎஸ்எஸ் கவுண்டிக் கூடுதல் வரிகளுக்கு, டிஆர்-15டிடிடி சுற்றுலா வரிகளுக்கு. ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டையும் இறக்கிப் பாருங்கள். கூடுதல் வரி மாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வரும்.

தபால் முகவரியை நம்பாதீர்கள்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நியூஜெர்சியில் இருக்கும் ஒரு தம்பதி, சாம்பியன்ஸ்கேட் குடியிருப்பில் ஐந்து படுக்கையறை வீடு வாங்குகிறார்கள். கடிதங்கள் ‘டேவன்போர்ட், 33896’ என்ற முகவரிக்கு வருகின்றன. டேவன்போர்ட் நகரம் போல்க் கவுண்டியில் இருப்பதால் வீடும் போல்க்கில்தான் என்று நினைப்பது இயல்பு. வரிக் கணக்குத் திறப்பது போல்க்கில், விருந்தாளியிடம் வாங்குவது 12 சதவீதம். ஆனால் சாம்பியன்ஸ்கேட் இருப்பது ஆசியோலா கவுண்டியில். அஞ்சல் துறை தபால்காரர் போகும் வழியை வைத்து ஊர்ப் பெயர் போடுகிறது. கவுண்டி எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதன் விலை என்ன? ஒரு வாரத்துக்கு, இரவுக்கு 200 டாலர் வீதம் 1,400 டாலர். க்ளீனிங் கட்டணம் 150. மொத்தம் 1,550. ஆம், க்ளீனிங்குக்கும் வரி உண்டு. கட்டாயமாகக் கட்ட வேண்டிய எந்தக் கட்டணமும் வாடகையின் பகுதிதான், தனி வரியில் காட்டினாலும் சரி. திருப்பித் தரும் முன்பணத்துக்கு வரி கிடையாது; அதைப் பிடித்துக்கொண்டால் நிலைமை மாறும். இந்த 1,550-க்கு ஆசியோலா கணக்கு இப்படி வரும்: மாநிலத்துக்கு 93 டாலர், கூடுதல் வரி 23.25, சுற்றுலா வரி 93. மொத்தம் 209.25. போல்க் கணக்கில் வாங்கியது 186. ஒரு வாரத்துக்கு 23.25 குறைவு. வருடத்தில் முப்பது வாரம் வீடு ஓடினால் கிட்டத்தட்ட 700 டாலர். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதே முப்பது வாரத்தில் சுற்றுலா வரி என்று 2,325 டாலர் போல்க்குக்குப் போயிருக்கும். சட்டப்படி அது ஆசியோலாவுக்குச் சேர வேண்டிய 2,790. ஒரு கவுண்டியிடம் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், இன்னொரு கவுண்டிக்கு அபராதத்தோடு கட்ட வேண்டும். போய்விட்ட விருந்தாளியைத் தேடிப் பிடித்து மிச்சம் கேட்க முடியாது.

தப்பிக்க வழி எளிது. வீட்டை வாங்குவதற்கு முன்பே கவுண்டியின் சொத்து மதிப்பீட்டாளர் இணையதளத்தில் முகவரியைத் தட்டுங்கள். அந்த வீட்டின் மனை எண் எந்தக் கவுண்டியின் தளத்தில் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் கவுண்டி. மாநில வருவாய்த் துறையிடமும் முகவரியைக் கொடுத்தால் வரி எல்லையைச் சொல்லும் தேடல் வசதி உண்டு. இரண்டும் ஒரே விடையைச் சொல்கின்றனவா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். ரியல் எஸ்டேட் முகவர் வாய்மொழியாகச் சொன்னது தணிக்கையில் உதவாது.

யாரிடம் கட்டுவது

மேலே சொன்ன 209.25 டாலர் ஒரே இடத்துக்குப் போகாது. மாநில வரியும் கூடுதல் வரியும் சேர்ந்து 116.25 டாலர், டிஆர்-15 படிவத்தோடு மாநில வருவாய்த் துறைக்கு. மீதி 93 டாலர் ஆசியோலா கவுண்டியின் வரி வசூல் அலுவலகத்துக்கு. இரண்டு பதிவு, இரண்டு கடவுச்சொல், இரண்டு படிவம். அதே வீடு ஆரஞ்சு கவுண்டியில் இருந்தால் சுற்றுலா வரி வரி வசூல் அலுவலகத்துக்குப் போகாது. அங்கே கவுண்டியின் கணக்காயர் அலுவலகம் வாங்குகிறது. சில கவுண்டிகள் இந்த வேலையே வேண்டாமென்று மாநிலத்திடம் விட்டுவிட்டன. அங்கே எல்லாமே ஒரு படிவத்தில் முடியும். பக்கத்துக் கவுண்டியில் வீடு வைத்திருக்கும் நண்பர் சொல்வது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான்.

தேதிகள் எளிமையானவை. ஒரு மாத வரி அடுத்த மாதம் 1-ஆம் தேதி கட்ட வேண்டியதாகிறது. 20 தாண்டினால் தாமதம். மாநிலத்துக்குத் தாமதமானால் 10 சதவீத அபராதம். வாடகையே வராத மாதத்துக்கும் படிவம் போட வேண்டும்; பூஜ்ஜியம் என்றாலும் தாமதமானால் குறைந்தபட்சம் 50 டாலர். ஆண்டுக்கு வரி 1,000 டாலரைத் தாண்டினால் மாதாமாதம், குறைந்தால் காலாண்டுக்கோ அரையாண்டுக்கோ படிவம் போட்டால் போதும். இணையத்தில் நேரத்தோடு போட்டுக் கட்டினால் முதல் 1,200 டாலர் வரியில் 2.5 சதவீதம், அதாவது அதிகபட்சம் 30 டாலர், உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். சிறிய தொகைதான். ஆனாலும் விடாதீர்கள்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விருந்தாளியிடம் வாங்கிய வரி, வாங்கிய நொடியிலிருந்து அரசின் பணம். அந்த மாதம் ஏசி ரிப்பேருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது என்று அதில் கைவைக்காதீர்கள். தனி வங்கிக் கணக்குத் திறந்து, ஒவ்வொரு பதிவு வந்ததும் வரித் தொகையை அங்கே மாற்றிவிடுங்கள்.

‘ஏர்பிஎன்பியே கட்டிவிடுகிறதே’ என்பது அடுத்த கேள்வி. ஓரளவு உண்மை. மாநிலத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி 2015 டிசம்பரிலிருந்து அந்நிறுவனம் மாநில வரியையும் கூடுதல் வரியையும் தானே வசூலித்துக் கட்டுகிறது. கவுண்டியின் சுற்றுலா வரிக்கோ ஒவ்வொரு கவுண்டியோடும் தனித்தனி ஒப்பந்தம். ஒப்பந்தம் இல்லாத கவுண்டியில் அந்தப் பங்கை நீங்கள்தான் கட்ட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க உதவிப் பக்கங்களைப் படித்துக் குழம்பத் தேவையில்லை. ஒரு முன்பதிவின் கட்டண விவரத்தைத் திறந்து, வரி என்ற தலைப்பின் கீழ் வரும் ஒவ்வொரு வரியையும் கூட்டுங்கள். ஆசியோலா வீட்டுக்கு 7.5 சதவீதம்தான் வருகிறது என்றால் மீதி 6 உங்கள் பொறுப்பு. முழு 13.5 வருகிறது என்றால் நிம்மதி, அந்தத் தளத்தின் அளவில் மட்டும். உறவினர் சொல்லி நேரடியாக வந்த குடும்பம், வாட்ஸ்அப்பில் பேசி முடித்த பள்ளித் தோழர், உங்கள் சொந்த இணையதளம்: இவை எல்லாவற்றுக்கும் முழு வரியும் உங்கள் கையால் கட்ட வேண்டும். நம் ஆட்களிடம் இந்த நேரடி வாடகை அதிகம். பணம் ஸெல்லில் வந்தது என்பதால் வரி விலகிப் போகாது.

2025 அக்டோபர் 1 முதல் புளோரிடாவில் வாடகைக்கு வரி இல்லை என்று யாராவது சொல்லக்கூடும். ரத்தானது கடை, அலுவலகம் போன்ற வணிக இட வாடகை மீதான விற்பனை வரி. தங்கல் வாடகைக்கு அது பொருந்தாது.

ஒரு கடற்கரை, நான்கு ஊர்கள்

மத்திய புளோரிடாவில் வேறுபாடு கவுண்டி அளவில் நிற்கிறது. மியாமி பக்கம் போனால் ஊருக்கு ஊர் மாறும். காலின்ஸ் அவென்யூவில் தெற்கிலிருந்து வடக்கே காரை ஓட்டுங்கள். வலப்பக்கம் முழுக்க ஒரே கடல். மியாமி பீச், சர்ஃப்சைட், பால் ஹார்பர், நீர்வழிப் பாலத்தைத் தாண்டினால் சன்னி ஐல்ஸ் பீச். நான்கும் மியாமி-டேட் கவுண்டியில் இருப்பவை. விற்பனை வரி எங்கும் 7 சதவீதம்.

சன்னி ஐல்ஸில் அதோடு கவுண்டியின் தங்கல் வரிகள்: சுற்றுலா வரி 2, விளையாட்டரங்க வரி 1, மாநாட்டு மைய வரி 3. ஆக மொத்தம் 13. மியாமி நகரத்திலும் இதுவே. சர்ஃப்சைடிலும் பால் ஹார்பரிலும் கவுண்டியின் அந்த 6 சதவீதம் கிடையாது. அந்த இரண்டு சிறிய ஊர்களும் தங்கள் சொந்த ரிசார்ட் வரியாக 4 சதவீதம் வாங்குகின்றன. மொத்தம் 11. மியாமி பீச்சில் கவுண்டியின் சுற்றுலா வரியும் விளையாட்டரங்க வரியும் இல்லை, மாநாட்டு மைய வரி 3 உண்டு, நகரத்தின் ரிசார்ட் வரி 4 உண்டு. 7, 3, 4: மொத்தம் 14.

1,000 டாலர் வாடகைக்கு மியாமி பீச்சில் 140 டாலர், ஒரு தெருவைத் தாண்டி சர்ஃப்சைடில் 110, இன்னும் கொஞ்சம் வடக்கே சன்னி ஐல்ஸில் 130. பழைய ரிசார்ட் ஊர்கள் கவுண்டிக்கு முன்பே தங்கள் வரியை அமைத்துக்கொண்டதால் வந்த விளைவு இது. மியாமி பீச் உரிமையாளருக்கு இன்னொரு சுமையும் உண்டு. 70 டாலர் மாநிலத்துக்கு, 30 கவுண்டிக்கு, 40 நகரத்துக்கு; மாதம் மூன்று படிவம். வீட்டு நிர்வாக நிறுவனத்திடம் பேசும்போது ‘வரியெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால், ‘மூன்றையுமா?’ என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் மூன்றின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

வரி குறைவு என்று சர்ஃப்சைடுக்கோ, கூட்டம் அதிகம் என்று மியாமி பீச்சுக்கோ ஓடுமுன் இன்னொன்றைப் பாருங்கள். வாடகைக்கு விடவே அனுமதி இருக்கிறதா? மியாமி பீச்சின் பெரும்பாலான குடியிருப்பு மண்டலங்களில் ஆறு மாதமும் ஒரு நாளும் ஆகாத வாடகைக்கு அனுமதி இல்லை. அனுமதியுள்ள கட்டடங்களிலும் விளம்பரத்தில் நகர உரிம எண்ணும் ரிசார்ட் வரிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஆர்லாண்டோ நகர எல்லைக்குள் 2018 ஜூலை முதல் வீட்டுக்காரர் அங்கேயே தங்கியிருந்து, பாதிக்கு மிகாத படுக்கையறைகளை மட்டும் விருந்தாளிக்குத் தரலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆசியோலாவின் ரிசார்ட் குடியிருப்புகளில் முழு வீடும் ஆண்டு முழுக்க ஓடுகிறது. 2011-இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, ஊர்கள் இனிமேல் விடுமுறை வாடகையைத் தடை செய்யக்கூடாது என்றது. 2011 ஜூன் 1-க்கு முன்பே இருந்த விதிகளை மட்டும் தொடரவிட்டது. 2014-இல் அதைக் கொஞ்சம் தளர்த்தி, சத்தம், வாகன நிறுத்தம், குப்பை போன்றவற்றுக்கு ஊர்கள் விதி போடலாம் என்றது. 2024-இல் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் கொண்டுவரும் முயற்சியை ஆளுநர் டிசாண்டிஸ் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். ஆகவே ஒரு ஊர் கடுமையாகவும் பக்கத்து ஊர் தாராளமாகவும் இருப்பதற்கு, பல நேரம், 2011-க்கு முன் அந்த ஊர் மன்றம் என்ன முடிவெடுத்தது என்பதுதான் காரணம்.

வரி என்ற பெயரில்லாத செலவுகள்

மாநிலத்தின் ஹோட்டல் உரிமத் துறை தரும் விடுமுறை வாடகை உரிமம் எல்லா ஊருக்கும் பொது. வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல், முப்பது நாளுக்கும் குறைவாக முழு வீட்டை வாடகைக்கு விட்டால், அல்லது அப்படி விளம்பரம் செய்தால், அது வேண்டும். அதற்குப் பிறகு உள்ளூர்த் தொழில் வரி ரசீது. நகர எல்லைக்குள் வீடு இருந்தால் நகரமும் கவுண்டியும் தனித்தனியாகக் கேட்கக்கூடும். எல்லைக்கு வெளியே இருந்தால் கவுண்டி மட்டும். தொகை பெரிதல்ல, புதுப்பிக்கும் தேதி மறந்துபோவதுதான் தொல்லை.

பலரும் கேள்விப்பட்டே இராத ஒன்று, நகரக்கூடிய சொத்து வரி. வாடகைக்கு விடும் வீட்டிலுள்ள கட்டில், சோபா, டிவி, பில்லியர்ட்ஸ் மேசை எல்லாமே வணிகச் சொத்து என்பது புளோரிடாவின் பார்வை. ஜனவரி 1 அன்று வீட்டில் என்ன இருந்தது என்று பட்டியலிட்டு, ஏப்ரல் 1-க்குள் டிஆர்-405 படிவத்தைக் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டாளரிடம் தர வேண்டும். முதல் 25,000 டாலர் மதிப்புக்கு விலக்கு உண்டு. முதல் வருடம் படிவம் போட்டால்தான் அந்த விலக்கு கிடைக்கும். அதற்கு மேல் மதிப்பிருந்தால் வரி விகிதம் கவுண்டிக்குக் கவுண்டி, அதற்குள்ளும் மண்டலத்துக்கு மண்டலம் மாறும். வீட்டைச் சாமான்களோடு வாங்குகிறவர்கள், விற்பவர் இந்தப் படிவத்தைப் போட்டு வந்தாரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்.

சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை விடுமுறைக் காலத்தில் மட்டும் விடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு நாட்காட்டி ஆண்டில் முப்பது நாளுக்கு மேல் முழு வீட்டையும், அதுவும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், வாடகைக்கு விட்டால் குடியிருப்புச் சொத்து வரிச் சலுகை பறிபோகும். ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் மதிப்பு ஏறாமல் காத்து வந்த வரம்பும் அதோடு போகும். பல ஆண்டு குடியிருந்த வீடென்றால் அந்த இழப்பை எந்த வாடகையும் ஈடுகட்டாது.

வீட்டை விற்கும்போது, அல்லது வாரக் கணக்கை விட்டு ஆண்டுக் குத்தகைக்கு மாறும்போது, வரிக் கணக்குகளை மூடுங்கள். மாநிலத்துக்கு இறுதிப் படிவத்தைப் பதினைந்து நாளுக்குள் போட வேண்டும். கவுண்டிக்கும், மியாமி பீச் போன்ற ஊரானால் நகரத்துக்கும், தனித்தனியாக எழுதித் தெரிவித்து, மூடியதற்கான பதிலை வாங்கி வையுங்கள். மூடாத கணக்கில் பூஜ்ஜியப் படிவம் வராத ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த 50 டாலர் ஏறிக்கொண்டே இருக்கும்.